கரண்ட் வந்தது, மீன் தொட்டி மோட்டார் மட்டும் வரவில்லை

சமாதானபுரம் தையல்:

எல்லாருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டை, சமாதானபுரம். வீட்டிலேயே தையல் வேலை. மீன் தொட்டி என்னுடையது இல்லை, என் மகனுடையது. "ரெண்டு மாசம் பாத்துக்கோங்கம்மா, வந்து எடுத்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு ஓசூருக்கு வேலைக்குப் போனான். ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போது ஐந்து ஏஞ்சலுக்கும் பத்துப் பதினைந்து பிளாட்டிக்கும் ஒரு சக்கர் மீனுக்கும் நான்தான் எல்லாம்.

தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கீழே ஸ்டாண்டுக்குள் இன்னொரு சின்னத் தொட்டி. சம்ப் என்பான் மகன். அதில் முங்கிக் கிடக்கிற மோட்டார்தான் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. ஒட்டியிருக்கிற சீட்டில் 220-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 45 வாட் என்று இருக்கிறது. கம்பெனி பேர் அழிந்துவிட்டது. வாங்கி மூன்று வருஷம் இருக்கும்.

விஷயம் இதுதான். ஓடுகிற வரைக்கும் மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. மாதக் கணக்கில் ராத்திரி பகலாக ஓடும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால்தான் வம்பு. போன மாதம் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தி, சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் கொடுத்தார்கள். ஃபேன் ஓடியது, ஃபிரிட்ஜ் ஓடியது, இது மட்டும் "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டு கிடந்தது. தோசைக் கரண்டிக் காம்பால் ஒரு தட்டு தட்டினேன், கிளம்பிவிட்டது. அடுத்த வாரம் பத்து நிமிஷம்தான் கரண்ட் போனது. அதற்கு நான்கைந்து தட்டு. முந்தாநாள் எத்தனை தட்டியும் வரவில்லை. பிளக்கைப் பிடுங்கி, வெளியே எடுத்து, உள்ளே இருக்கும் விசிறியை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வைத்த பிறகுதான் ஓடியது. அதற்குள் ஏஞ்சல் ஐந்தும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

கடையில் கேட்டால் தூக்கிப் போடுங்கள், புதிது 2,800 ரூபாய் என்றார்கள். அதற்கு முன்னால் இங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்தேன். மூன்று கேள்வி.

தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய் இரண்டு சொட்டு இதற்கும் விடலாமா? வீட்டில் பழைய இன்வர்ட்டர் ஒன்று இருக்கிறது, மோட்டாரை அதில் மாட்டிவிட்டால் தொல்லை தீருமா? நான் வீட்டில் இல்லாத நேரத்தில் கரண்ட் போய் வந்தால் யார் விரலால் சுற்றிவிடுவது?

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். சித்திரையிலிருந்து ஆற்றுத் தண்ணீர் சரியாக வரவில்லை. வற்றுகிற தண்ணீருக்குப் பதில் போர் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன்.


கல்லிடை கப்பி:

அக்கா, இது ஏர் லாக் மாதிரி இருக்கிறது. கரண்ட் போனதும் மேலே போன குழாயில் உள்ள தண்ணீர் எல்லாம் கீழே இறங்கும். அப்போது மோட்டார் தலைக்குள் காற்று மாட்டிக்கொள்ளும். கரண்ட் வந்ததும் மோட்டாரைத் தண்ணீருக்குள்ளேயே கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். "குபுக்" என்று ஒரு குமிழி வெளியே வந்தால் அதுதான்.

எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள்.


வைண்டிங் மேலப்பாளையம்:

தம்பி சொல்வது நடக்கிற விஷயம்தான். ஆனால் அக்காவின் மோட்டாருக்கு அது இல்லை. ஏர் லாக் என்றால் விசிறி சுற்றும், தண்ணீர் ஏறாது, கடகடவென்று சத்தம் கேட்கும். இங்கே விசிறியே சுற்றவில்லை. முனகல் மட்டும். இரண்டும் வேறு.

நான் முப்பது வருஷமாக மேலப்பாளையத்தில் மோட்டார் வைண்டிங். மிக்ஸி, கிரைண்டர், போர் மோட்டார் எல்லாம் வரும். மீன் தொட்டி மோட்டாரை என்னிடம் கொண்டுவந்தால் அநேகமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். காரணம், அதன் காயிலை, அதாவது உள்ளே இருக்கிற கம்பிச் சுருளை, சுற்றிப் பிசின் ஊற்றி இறுக்கிவிடுகிறார்கள், பிரித்துக் கட்ட முடியாது. ஆனால் திருப்பிக் கொடுக்கிறதில் பாதிக்கு மேல் காயில் நன்றாகத்தான் இருக்கும்.

அக்கா தையல் வேலை என்கிறீர்கள், அப்படியானால் எனக்குச் சொல்வது சுலபம். காலால் மிதிக்கிற மெஷினில், மிதிப்பலகையின் கம்பி நேர் மேலேயோ நேர் கீழேயோ போய் நிற்கிற ஒரு இடம் உண்டா இல்லையா? அந்த இடத்தில் நின்றுவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் நகராது. சில சமயம் பின்பக்கமாகச் சுற்றி நூலை அறுக்கும். நீங்கள் என்ன செய்வீர்கள்? வலது கையால் சக்கரத்தை லேசாகத் தொட்டுவிட்டு மிதிப்பீர்கள். ஓட ஆரம்பித்துவிட்டால் அப்புறம் கை வேண்டாம்.

உங்கள் மோட்டாரும் அதே சாதிதான். சீலிங் ஃபேனைக் கிளப்பிவிட ஒரு கண்டன்சர் இருக்கிறது. இதில் கண்டன்சர் கிடையாது. ஒரு காயில், ஒரு இரும்பு, நடுவில் உருளைக் காந்தம், அவ்வளவுதான். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் காயிலின் இழுப்பு நொடிக்கு 100 தடவை திசை மாறுகிறது. காந்தம் அதோடு சேர்ந்து நொடிக்கு 50 சுற்று, அதாவது நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது வேகம் இருக்கிறது, எந்த இடத்தையும் தாண்டிவிடும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது காந்தம் முதலில் முன்னும் பின்னும் உதறும். அந்த உதறலில் எந்தப் பக்கம் பிடி கிடைக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். இன்றைக்கு வலது, நாளைக்கு இடது. அதனால்தான் இந்த வகை மோட்டாரில் விசிறி இதழை வளைக்காமல் நேராக வைத்திருப்பார்கள், எந்தப் பக்கம் சுற்றினாலும் தண்ணீர் ஏறட்டும் என்று.

அந்த மிதிப்பலகைச் செத்த இடம் இதிலும் உண்டு. காந்தம் அங்கே போய் நிற்காமல் கொஞ்சம் தள்ளி நிற்கும்படி இரும்பை ஒரு பக்கம் ஒதுக்கி வெட்டியிருப்பார்கள். புது மோட்டார் ஒவ்வொரு தடவையும் தானாகக் கிளம்புவதற்கு அதுதான் காரணம். உள்ளே உப்பு படிந்து காந்தம் இறுக்கமாகிவிட்டால், அது தள்ளிப் போய் நிற்காமல் எங்கே நின்றதோ அங்கேயே ஒட்டிக்கொள்ளும். உதறவும் இடம் இருக்காது. அதுதான் உங்கள் "ம்ம்ம்".

போர் தண்ணீர் என்று கடைசியில் ஒரு வரி போட்டீர்கள் பாருங்கள், அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். வற்றுவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே இருக்கும். அதன் மேல் மறுபடி உப்புத் தண்ணீரை ஊற்றினால் அது ஏறிக்கொண்டே போகும். வெந்நீர் போடுகிற பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான். மோட்டார் உள்ளே சூடாக இருக்கும், அங்கே இன்னும் வேகமாகப் படியும்.

இனி வேலை. முதல் விஷயம், பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீருக்குள் கை வைக்கக் கூடாது. சுவிட்சை அணைத்தால் போதாது, பிடுங்க வேண்டும்.

முன்பக்க மூடியைக் கழற்றினால் விசிறி தெரியும். அதைப் பிடித்து நேராக இழுங்கள், காந்தத்தோடு வெளியே வரும். காந்தம் இழுக்கும், ஆகவே கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும், திருகாதீர்கள். நடுவில் வெள்ளைப் பீங்கான் ஊசி ஒன்று இருக்கும், பென்சில் குச்சி மாதிரி பட்டென்று உடையும். அதன் இரண்டு முனையிலும் மிளகு அளவுக்கு ஒவ்வொரு ரப்பர் புஷ். இவை இரண்டும் தொலைந்தால் கதை முடிந்தது, ஆகவே வாஷ்பேசினில் வைத்துக் கழுவாதீர்கள். ஒரு தட்டில் வையுங்கள்.

இப்போது காந்தத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு விசிறியை மறு கையால் திருப்புங்கள். 45 வாட் மோட்டாரில் பெரும்பாலும் விசிறி காந்தத்தோடு இறுக ஒட்டியிருக்காது. அரைச் சுற்று வரைக்கும் சும்மா ஆடி, அப்புறம்தான் "டக்" என்று பிடிக்கும். அது பழுது இல்லை. காந்தம் சுமையில்லாமல் அரைச் சுற்று ஓடி வேகம் பிடித்துக்கொண்டு, பிறகு தண்ணீரைத் தள்ளட்டும் என்று வேண்டுமென்றே விட்ட இடம். அந்த இடைவெளியில் உப்போ பாசியோ அடைத்து இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டால் மோட்டார் கிளம்பாது. என் கணிப்பு, உங்களுடையதில் இதுதான்.

வெள்ளை வினிகரும் தண்ணீரும் பாதிப் பாதி கலந்து, கழற்றிய சாமானை ஒரு மணி நேரம் முங்கப் போடுங்கள். வினிகர் இல்லையா, புளியங்குடி எலுமிச்சை நான்கைப் பிழிந்து ஊற்றுங்கள், அதுவும் புளிப்புதான். நுரை வந்தால் சுண்ணாம்பு கரைகிறது என்று அர்த்தம். குத்துவிளக்கு தேய்க்கிற புளி என்று யாராவது சொன்னால் வேண்டாம், நார் உள்ளே போய்ச் சிக்கும். காந்தம் இருந்த குழிக்குள்ளும் வினிகர் ஊற்றி வையுங்கள், ஒயரும் பிளக்கும் நனையாமல். தேய்ப்பதற்கு, உங்கள் மெஷினில் பாபின் கூட்டைத் துடைக்கிற சின்ன பிரஷ் இருக்குமே, அது போதும். கத்தி, ஊசி எதையும் கொண்டு சுரண்ட வேண்டாம், கோடு விழுந்தால் அதில்தான் அடுத்த உப்பு பிடிக்கும்.

எண்ணெய் கூடவே கூடாது. இந்த ஊசிக்கு எண்ணெய் என்றால் அது தண்ணீர்தான். மெஷின் எண்ணெய் ரப்பரை ஊதவைக்கும், தொட்டி மேல் படலமாக மிதக்கும். இதே காரணத்தால் தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓட்டியும் பார்க்கக் கூடாது.

கழுவி மாட்டியபின் தொட்டியில் வைக்காதீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் வைத்து, போட்டு நிறுத்தி, அரை நிமிஷம் விட்டு மறுபடி போட்டு, பத்துத் தடவை பாருங்கள். ஓடுகிறதா என்று பார்ப்பதில் பிரயோஜனமே இல்லை அக்கா, உங்கள் மோட்டார் எப்போதும் ஓடத்தான் செய்தது. பத்தில் எத்தனை தடவை தானாகக் கிளம்பியது என்று எழுதுங்கள்.


வள்ளியூர் கடல்தொட்டி:

பாய் சொன்னதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. இன்வர்ட்டர் கேள்விக்கு மட்டும்.

அக்கா, பழைய இன்வர்ட்டர் என்றால் அநேகமாகச் சதுர அலை, அதாவது வீட்டுக் கரண்ட் மாதிரி சீராக ஏறி இறங்காமல் வெட்டி வெட்டி வருகிற கரண்ட். அதில் இந்த மாதிரி மோட்டார் ஓடும், ஆனால் உறுமும், சூடாகும். ஏற்கெனவே இறுகிப்போன மோட்டாரை அதில் மாட்டினால் முனகிக்கொண்டே கிடந்து காயில் போய்விடும். வீட்டுக் கரண்ட் மாதிரியே சீராகக் கொடுக்கிற சைன் வேவ் இன்வர்ட்டரில் பிரச்சினை இல்லை. சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிற தெருவாக இருந்தாலும் இதே கதைதான், கிளப்புகிற வலு குறையும். முந்தாநாள் கரண்ட் வந்தபோது டியூப் லைட் சட்டென்று எரிந்ததா, கண் சிமிட்டியதா?

எங்கள் ஊரைச் சுற்றிக் காற்றாலைதான், முப்பந்தல் வரைக்கும் வரிசையாக நிற்கிறது. அப்படியும் ஆனி ஆடிக் காற்றில் கம்பி உரசிக் கரண்ட் போய்ப் போய் வரும். என்னுடையது உப்புத் தண்ணீர்த் தொட்டி. இரண்டு தடவை மோட்டார் கிளம்பாமல் நின்றது. முதல் தடவை நத்தை. இரண்டாவது தடவை காந்தமே வீங்கிவிட்டது. மேல் பூச்சில் முடி மாதிரி ஒரு கீறல், அது வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே போய்த் துரு ஏறி, ஊதிப்போய்க் குழியில் உரசியது. அக்கா உங்கள் காந்தத்தில் பழுப்பாக ஏதாவது கோடு தெரிந்தால் கழுவி மினக்கெட வேண்டாம், மாற்றிவிடுங்கள். துரு தண்ணீரில் கலப்பதும் நல்லதில்லை.

இன்னொன்று. சம்ப்பில் தண்ணீர் எந்த அளவுக்கு வைக்கிறீர்கள்?

என்னைக் கேட்டால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு மோட்டாரை மாற்றிவிடுவது நிம்மதி.


வைண்டிங் மேலப்பாளையம்:

கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவதற்கு எல்லாருக்கும் வள்ளியூர்த் தோட்டம் இருக்கிறதா தம்பி.


சமாதானபுரம் தையல்:

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கழற்றினேன். பாய் சொன்னபடியே எழுதுகிறேன்.

மூடி சுலபமாக வந்தது. விசிறி வரவில்லை. பழைய துணியைச் சுற்றிப் பிடித்து இழுத்ததும் "ப்ளக்" என்று வந்தது. காந்தம் கறுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாக இருந்தது. பழுப்புக் கோடு ஒன்றும் இல்லை. குழியின் அடியில் சாம்பல் நிறத்தில் கூழ் மாதிரி ஒரு வண்டல், அதற்குள் ஒரு நத்தைக் குஞ்சு ஓடு, எள் அளவுக்கு. விசிறியைத் திருப்பினால் காந்தமும் கூடவே திரும்பியது. அரைச் சுற்றும் இல்லை, கால் சுற்றும் இல்லை. ஒரே கட்டை.

வினிகரில் போட்டதும் சோடா மாதிரி பொங்கியது. ஒரு மணி நேரம் போதவில்லை, புதிதாகக் கலந்து இன்னொரு மணி நேரம் போட்டேன். பாபின் பிரஷ்ஷால் இடுக்கில் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். கடைசியில் ஒரு சின்ன வெள்ளைச் சில்லு பெயர்ந்து விழுந்தது, நகத்துண்டு மாதிரி. அது விழுந்ததும் விசிறி கையில் தானாக ஆடியது. "டக்". அந்தச் சத்தத்தைக் கேட்க நான் அதை எத்தனை தடவை திருப்பினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

ரப்பர் புஷ் ஒன்று கையிலிருந்து தெறித்துவிட்டது. தட்டில்தான் வைத்தேன், பாய், ஆனாலும் ஓடிவிட்டது. மெஷின் அடியில் வெட்டுத் துணிக் குவியலுக்குள் டார்ச் அடித்துத் தேடி எடுத்தேன்.

வாளியில் பத்துத் தடவை. ஏழு தடவை போட்டதும் கிளம்பியது. மூன்று தடவை முனகல். அதாவது 4-ஆவது, 8-ஆவது, 9-ஆவது தடவை. நோட்டில் எழுதி வைத்தேன்.

வள்ளியூர்த் தம்பிக்கு: டியூப் லைட் சட்டென்றுதான் எரிந்தது. சம்ப்பில் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரை ஊற்றி வைப்பேன், வெயிலில் சீக்கிரம் வற்றுகிறது என்று. அதனால்தானோ என்னவோ, போன மாதம் கரண்ட் போனபோது தரையெல்லாம் தண்ணீர். தைக்க வந்த இரண்டு பட்டு ப்ளவுஸ் துணி நனைந்து, அதற்கு வேறு ஒரு நாள் போனது.


வள்ளியூர் கடல்தொட்டி:

அதேதான். மோட்டார் நின்றதும் மேல்தொட்டித் தண்ணீர் அதே குழாய் வழியாகப் பின்னால் இறங்கும். குழாயின் வாய் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அதுவரைக்கும் உறிஞ்சும். உங்கள் மேல்தொட்டி 4 அடிக்கு ஒன்றரை அடி. அதில் ஒரு அங்குலம் இறங்கினாலே 14 லிட்டர். குழாய் வாய்க்குப் பக்கத்தில், நீர்மட்டத்தை ஒட்டி, சின்னத் துளை ஒன்று இருக்கிறதா பாருங்கள். மகன் போட்டிருப்பார். காற்று உள்ளே போய் உறிஞ்சலை அறுப்பதற்கு. அது பாசியில் அடைத்திருக்கும். ஊசி உங்களிடம் இல்லாததா!

சம்ப்பைக் கரண்ட் இருக்கும்போதே முழுக்க நிரப்ப வேண்டாம். ஒரு தடவை மோட்டாரை வேண்டுமென்றே நிறுத்தி, எல்லாம் இறங்கிய பிறகு எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்து, அதற்கு இடம் விட்டு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதற்காக ரொம்பக் குறைக்கவும் கூடாது, மோட்டார் காற்றை இழுக்கும். கல்லிடைத் தம்பி சொன்ன ஏர் லாக் அப்போதுதான் வரும்.


வைண்டிங் மேலப்பாளையம்:

ஏழு தானா. சரி.

சுத்தம் ஆகிவிட்டது, ஆனாலும் பத்தில் மூன்று நிற்கிறது என்றால் அடுத்தது தேய்மானம். பீங்கான் ஊசியைக் கண்ணாலே பார்க்காதீர்கள், நகத்தால் முனையிலிருந்து முனைக்கு ஓட்டுங்கள். நடுவில் எங்காவது நகம் தட்டுப்படுகிறதா? அப்புறம், ஊசியைக் காந்தத்தின் ஓட்டைக்குள் போட்டு ஆட்டுங்கள். லேசாக ஆடலாம், லொடலொட என்று ஆடக் கூடாது. ஓட்டை பெரிதாகிவிட்டால் காந்தம் ஒரு பக்கம் சாய்ந்து குழிச் சுவரில் ஒட்டும். ஓடும்போது தண்ணீரே அதை நடுவில் தாங்கிக்கொள்ளும். நிற்கும்போதுதான் சாயும். ஓடும்போது தெரியாத நோய், கிளம்பும்போது தெரிகிறது.

அப்படியானால் மோட்டாரை மாற்ற வேண்டாம். விசிறி, காந்தம், ஊசி, புஷ் எல்லாம் சேர்ந்து இம்பெல்லர் செட் என்று தனியாகக் கிடைக்கும். கம்பெனி பேர் அழிந்தால் பரவாயில்லை, பழையதைக் கையில் கொண்டுபோய் காந்தத்தின் நீளம், குறுக்களவு, ஊசி நீளம் மூன்றையும் ஒத்துப் பாருங்கள். அளவு எடுக்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இன்ச் டேப் வேண்டாம், அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இதில் பெரிது. வெர்னியர் வைத்திருக்கிற லேத் பட்டறையில் கேட்டால் அளந்து கொடுப்பார்கள்.

காயிலைப் பற்றிச் சந்தேகம் இருந்தால், பிளக்கின் இரண்டு காலிலும் மீட்டரை வைத்து ஓம்ஸ் பாருங்கள். ஏதாவது ஒரு எண் காட்டி நின்றால் காயில் அறுபடவில்லை. ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்திருக்கிறது, அல்லது சூட்டில் உள் ஃபியூஸ் போயிருக்கிறது, அப்போது புதிது வாங்குங்கள். முனகுகிற மோட்டாருக்கு இந்தச் சோதனையே தேவையில்லை. முனகல்தான் மீட்டர்.


கல்லிடை கப்பி:

நான் ஒன்று சேர்க்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 மழையில் எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. எனக்கு மோட்டார் கிளம்பாதது பிரச்சினை இல்லை, கிளம்பியதுதான் பிரச்சினை. மூடின டப்பா ஃபில்டர். இரண்டு நாள் காற்றில்லாமல் கிடந்ததில் ஸ்பாஞ்சில் இருந்த நல்ல பாக்டீரியா எல்லாம் செத்து அழுகிக் கிடந்திருக்கிறது. கரண்ட் வந்ததும் அது தானாக ஓடி, கறுப்புத் தண்ணீரைத் தொட்டிக்குள் துப்பியது. அழுகிய முட்டை வாடை. காலையில் பாதி கப்பி இல்லை.

அக்காவுடையது திறந்த சம்ப், அவ்வளவு மோசம் ஆகாது. ஆனாலும் பல மணி நேரம் நின்றால் ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் ஒரு அலசு அலசிவிட்டுப் போடுங்கள். குழாய்த் தண்ணீரில் வேண்டாம், குளோரின் இருக்கும், நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

ஆள் இல்லாத நேரத்துக்கு, கரண்ட் போனதும் தானாக ஓடுகிற சார்ஜ் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். மீன் திணறுவது ஆக்ஸிஜனுக்குத்தான். தண்ணீர் 30 டிகிரிக்குச் சூடானால் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராமுக்கு மேல் அதில் கரைந்து நிற்காது. நம்ம ஊர் வெயிலுக்கு அது தினப்படி. மோட்டார் கிளம்பாவிட்டாலும் குமிழி வந்துகொண்டிருந்தால் நீங்கள் வீடு திரும்பும் வரைக்கும் தாங்கும்.


சமாதானபுரம் தையல்:

தாமதத்துக்கு மன்னிக்கணும், கல்யாண சீசன், ப்ளவுஸ் தலைக்கு மேல் கிடந்தது.

நகம் தட்டியது பாய். ஊசியில் ஒரு பக்கம் மட்டும் பள்ளம். கண்ணுக்குத் தெரியவே இல்லை, நகத்துக்குத் தெரிந்தது. காந்தத்தின் ஓட்டையும் லொடலொட என்றுதான் இருந்தது. வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு கடையில் பழையதைக் கொடுத்ததும், ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, பத்துப் பன்னிரண்டு செட்டை மேஜையில் பரப்பிவிட்டார் கடைக்காரர். வரிசையாக வைத்துப் பார்த்து, ஒன்று ஒத்துப்போனது. 380 ரூபாய்.

வாளியில் பத்துக்குப் பத்து. நம்பாமல் மறுநாள் காலையில் குளிர்ந்த பிறகு இன்னொரு பத்து. அதுவும் பத்து. துளையையும் ஊசி விட்டுத் திறந்தேன், மகன் போட்டுத்தான் வைத்திருக்கிறான், ஃபோனில் கேட்டால் "அது நான் உங்ககிட்ட சொல்லலையா?" என்கிறான். சம்ப்பில் மார்க்கர் கோடு போட்டாயிற்று. போர் தண்ணீரை நிறுத்திவிட்டேன். ஆற்றுத் தண்ணீர் வருகிற நாளில் இரண்டு குடம் பிடித்து, ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுகிறேன்.

நேற்று மறுபடி பராமரிப்பு. காலை 9 மணிக்குப் போன கரண்ட் மத்தியானம் 2.40-க்கு வந்தது. நான் கையில் தோசைக் கரண்டியோடு ஸ்டாண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். சின்னதாக ஒரு உதறல், ஒரு "டக்", அப்புறம் மேலே தண்ணீர் விழுகிற சத்தம். அவ்வளவுதான். கரண்டியை அடுப்படியில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

ஏர் பம்ப் இந்த மாதம் வாங்க முடியாது, அடுத்த மாதம்.

பழைய காந்தத்தைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. மெஷின் பக்கத்தில் வைத்திருக்கிறேன். குண்டூசி டப்பா கவிழ்ந்தால் தரையில் அதை ஒரு இழுப்பு இழுத்தால் போதும், எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.